முதலில் மீட்டர், அப்புறம் ஸ்பேனர்

பழைய லாரி இன்ஜின் ஒன்றை வாங்கி, கல்லும் சேறும் மணலுமான பாதைக்குத் தயார் செய்ய இறங்குகிறவர்கள் மெக்கானிக்கிடம் முதலில் கேட்பது, "இன்னும் எத்தனை குதிரைத்திறன் ஏற்றலாம்?" என்பதைத்தான். டீசல் பம்பில் ஒரு திருகைத் திருப்பினால் கரும்புகையோடு கொஞ்சம் வேகமும் கூடிவிடும், கேட்டவருக்கும் மகிழ்ச்சி. ஆனால் தார்ச் சாலையை விட்டு இறங்கிய வண்டி, சக்தி போதாமல் நடுவழியில் நிற்பது அபூர்வம். கொதிக்கும் ரேடியேட்டர், தூசி தின்ற பிஸ்டன் ரிங், சரிவில் எண்ணெய் எட்டாமல் போன ஆயில் பம்ப், ஓடையில் இன்ஜின் குடித்துவிட்ட தண்ணீர் என்று காரணங்கள் வேறாகவே இருக்கும். அதனால் இந்த வேலையில் சோதனை முன்னே போக வேண்டும், டியூனிங் அதன் பின்னால் வர வேண்டும். இன்ஜின் என்ன தருகிறது, எதைத் தாங்கும் என்று அளந்த பிறகுதான் எந்தத் திருகையும் தொடலாம்.

இதைப் புரிந்துகொள்ள நல்ல உதாரணம் கம்மின்ஸ் 6பிடி. அமெரிக்காவில் 1980களின் நடுவில் டிராக்டருக்கும் மண்வாரி இயந்திரத்துக்கும் லாரிக்கும் பொதுவாக வந்த டீசல் இன்ஜின் இது. ஆறு சிலிண்டர், 12 வால்வு, 5.9 லிட்டர். 1989 மாடல் டாட்ஜ் ராம் பிக்கப்பில் ஏறிய பிறகு வீட்டுக்கு வீடு பெயர் தெரிந்தது. 1998இல் மின்னணு பம்பும் 24 வால்வும் கொண்ட வாரிசு வரும்வரை, எல்லாமே பல்சக்கரமும் ஸ்பிரிங்கும் செய்த வேலைதான். நமக்கும் இது அந்நியம் இல்லை. 1993இல் உருவான டாடா கம்மின்ஸ் கூட்டு நிறுவனம் ஜாம்ஷெட்பூரில் இதே குடும்பத்து இன்ஜினைத் தயாரித்தது. டாடா லாரி பார்க்கும் மெக்கானிக்குகளுக்கு இதன் டாப்பெட் சத்தமும் பழக்கம். அமெரிக்காவில் மலைப்பாதை வண்டி கட்டுகிறவர்கள் இன்றும் தேடிப் பிடிக்கும் பழைய லாரி இன்ஜின்களில் இது முன்வரிசையில் நிற்கிறது.

இழுவைக் கணக்கு

102 மி.மீ. துளை, 120 மி.மீ. ஸ்ட்ரோக். துளையைவிட ஸ்ட்ரோக் நீளம். இது மெதுவாகச் சுற்றி அழுத்தமாகத் தள்ளும் ஜாதி. 1989இல் பிக்கப்பில் வந்தபோது அதன் சக்தி 160 குதிரைத்திறன் மட்டுமே. முறுக்கு விசையோ 542 நியூட்டன் மீட்டர். அதுவும் 1,700 ஆர்பிஎம்முக்குப் பக்கத்திலேயே கிடைத்துவிடும்.

இந்த விசை சக்கரத்துக்குப் போய்ச் சேரும்போது என்ன ஆகிறது என்று பார்ப்போம். 1994க்குப் பிந்தைய ஃபோர் வீல் ராமில் முதல் கியர் 5.61 மடங்கு. டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ நிலை 2.72 மடங்கு. ஆக்ஸிலில் 3.54 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் 54. குறைந்தபட்சக் கணக்காக 542 நியூட்டன் மீட்டரையே எடுத்துக்கொண்டாலும், சக்கரங்களில் 29,000 நியூட்டன் மீட்டருக்கு மேல் வருகிறது. டயரின் ஆரம் 40 செ.மீ. என்றால், தரையைத் தள்ளும் விசை ஏழு டன் எடைக்குச் சமம். பல்சக்கரங்களின் உராய்வில் ஐந்தில் ஒரு பங்கு போனாலும் ஆறு டன் மிச்சம்.

வண்டியின் மொத்த எடையே மூன்று டன்னை ஒட்டித்தான். காய்ந்த பாறையில் ரப்பர் பிடிக்கும் பிடிப்பு, எடையில் ஏறக்குறைய எண்பது சதவீதம். அதாவது இரண்டரை டன்னுக்கும் குறைவான விசையிலேயே டயர் வழுக்கத் தொடங்கிவிடும். இன்ஜின் தரக்கூடியதில் பாதிக்கு மேல் தரைக்குப் போய்ச் சேரவே முடியாது. இந்த நிலையில் இன்னும் ஐம்பது சதவீதம் ஏற்றினால் அது ஆக்ஸில் ஷாஃப்டையும் யூ ஜாயின்ட்டையும் உடைக்கத்தான் உதவும்.

அப்படியானால் டியூனிங்கே வேண்டாமா? மூன்று இடங்களில் அது தேவைப்படலாம். முதலாவது மணல். கலிஃபோர்னியாவின் இம்பீரியல் மணல்மேடுகள் போன்ற இடத்தில் வண்டி நிற்காமல் வேகத்தோடு மிதந்து போக வேண்டும். அங்கே முறுக்கு விசை மட்டும் போதாது, குதிரைத்திறனும் தேவை. இரண்டாவது உயரம். கொலராடோவின் இமோஜீன் கணவாய் ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் அறுபது சதவீதத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். மூன்றாவது பெரிய டயர். 80 செ.மீ. விட்டமுள்ள டயரைக் கழற்றிவிட்டு 94 செ.மீ. டயர் மாட்டினால் சக்கரத்தின் தள்ளுவிசை 15 சதவீதம் குறைந்துவிடும். இன்ஜினைத் தொடாமல் ஆக்ஸிலில் உள்ள கிரவுன் பினியனை மாற்றியே இதைச் சரிசெய்யலாம். அதுதான் சரியான வைத்தியமும் கூட.

தொடுவதற்கு முன்

பல லட்சம் கிலோமீட்டர் ஓடிய இன்ஜினில் முதல் வேலை நோயறிதல். ஒவ்வொரு சிலிண்டரிலும் நாசிலைக் கழற்றி, அந்த இடத்தில் மீட்டரை மாட்டி, ஸ்டார்ட்டரால் சுற்றிக் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். எண் எவ்வளவு என்பதைவிட, ஆறும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றனவா என்பதே முக்கியம். ஐந்து ஒரே மாதிரி இருந்து ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் அங்கே வால்வோ ரிங்கோ கேஸ்கெட்டோ போயிருக்கிறது. டீசல் இன்ஜினில் தீ மூட்டுவது அமுக்கப்பட்ட காற்றின் சூடுதான். கம்ப்ரஷன் போனால் அந்தச் சூடும் போயிற்று.

அடுத்தது பேக் கம்ப்ரஷன். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே கசியும் வாயு, பிரீத்தர் குழாய் வழியே வெளியேறும். குழாயின் வாயைச் சிறு துளையளவுக்கு அடைத்து, உள்ளே சேரும் அழுத்தத்தைத் தண்ணீர்க் குழாய் மீட்டரில் அளக்கலாம். இன்ஜின் சுமையில் இருக்கும்போது எடுக்கும் அளவுதான் உண்மையைச் சொல்லும். சும்மா ஓடும்போது தேய்ந்த இன்ஜினும் நல்ல பிள்ளையாக இருக்கும்.

மூன்றாவது, எண்ணெயைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவது. எண்ணெயில் சிலிக்கான் கூடியிருந்தால் ஏர் ஃபில்டரைத் தாண்டித் தூசி போகிறது. சோடியமோ பொட்டாசியமோ தெரிந்தால் பெரும்பாலும் கூலன்ட் கசிகிறது. இரும்பும் அலுமினியமும் ஏறியிருந்தால் லைனர் இல்லாத இந்த பிளாக்கின் சிலிண்டர் சுவரும் பிஸ்டனும் தேய்கின்றன. இன்ஜினைப் பிரிக்காமலே உள்ளே நடப்பதைக் காட்டும் மலிவான வழி இது.

6பிடிக்கென்று தனியாக ஒரு சோதனையும் உண்டு. முன்பக்கத்துப் பல்சக்கரப் பெட்டியை பிளாக்கோடு நேராகப் பொருத்த ஒரு சிறு எஃகு ஊசி இருக்கிறது. வருடக்கணக்கான அதிர்வில் அது தளர்ந்து வெளியே நழுவும். விழுந்து பல்சக்கரங்களுக்கு நடுவே மாட்டினால் பெட்டி உடைந்து இன்ஜினே பாழாகும். அதன்மேல் ஒரு தகட்டை வைத்து போல்ட் போட்டு மூடிவிட்டால் ஆபத்து தீர்ந்தது. குதிரைத்திறனுக்குச் செலவழிப்பதற்கு முன் இதற்குச் செலவழிக்க வேண்டும். கூடவே டாப்பெட் இடைவெளி: குளிர்ந்த இன்ஜினில் இன்டேக் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.51 மி.மீ. வெளியேற்றும் வால்வு அதிகம் சூடாகி அதிகம் நீள்வதால்தான் அதற்கு இடைவெளி இரட்டிப்பு.

காற்றும் டீசலும்

பெட்ரோல் இன்ஜினில் காற்றின் வழியில் ஒரு தட்டு இருக்கும்; ஆக்சிலேட்டர் அதைத் திறந்து மூடும். இந்த டீசல் இன்ஜினில் அப்படி ஒரு கதவு கிடையாது. காற்று எப்போதும் முழுதாக உள்ளே வரும். சக்தியைத் தீர்மானிப்பது எவ்வளவு டீசல் பீச்சப்படுகிறது என்பது மட்டும்தான். அதனால்தான் டீசலில் சக்தி கூட்டுவது அவ்வளவு எளிது, அவ்வளவு ஆபத்தும்கூட.

ஒரு கிராம் டீசல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.5 கிராம் காற்று வேண்டும். ஆனால் துளிகளாகப் பீச்சப்படும் டீசல் நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குள் காற்றோடு சீராகக் கலந்துவிட முடியாது. ஆகவே காற்றின் அளவு 18 அல்லது 20 கிராமுக்குக் கீழே வந்தாலே ஆக்சிஜன் எட்டாத மூலைகளில் டீசல் கருகிப் புகைக்கரியாகிறது. கரும்புகையைச் சிலர் பலத்தின் அடையாளமாக நினைக்கிறார்கள். உண்மையில் அது காசு கொடுத்து வாங்கி எரிக்காமல் விட்ட டீசல்.

காற்றைக் கூட்டுவது டர்போவின் வேலை. டர்போ இல்லையென்றால் இந்த இன்ஜின் 1,600 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 4.7 கன மீட்டர் காற்றைத்தான் உறிஞ்ச முடியும். டர்போ ஒரு பார் கூடுதல் அழுத்தம் கொடுத்தால் உள்ளே போகும் காற்றின் அழுத்தம் இரட்டிப்பாகும். அமுக்கும்போது காற்று சூடாகி விரிவதால் முழுப் பயன் கிடைக்காது. அதைக் குளிர்விக்க 1991 நடுவிலிருந்து இன்டர்கூலர் சேர்ந்தது. 1994இல் வந்த மாடல்களில் இருப்பது ஹோல்செட் எச்எக்ஸ்35 டர்போ.

நெடுஞ்சாலைப் பந்தயக்காரர் பெரிய டர்போ தேடுவார். மலைப்பாதைக்காரருக்கு அது பகை. பெரிய டர்பைன் சக்கரம் சுழல நிறைய வெளியேற்றவாயு வேண்டும். பாறை ஏறும் வேகத்தில் இன்ஜினிடம் அவ்வளவு வாயு இல்லை. சிறிய டர்பைன் கூடு வாயுவைக் குறுகிய வழியில் வேகமாகச் செலுத்துவதால் டர்போ சீக்கிரம் எழும். மேல் வேகத்தில் கொஞ்சம் மூச்சு முட்டும். அந்த இழப்பு இங்கே பொருட்டில்லை.

இதே மாடல்களில் டீசலைப் பீச்சும் பாஷ் பி7100 பம்பின் மேல் டர்போ அழுத்தத்தை உணரும் ஒரு டயாஃபிரம் உண்டு. அழுத்தம் வரும்வரை டீசலைக் கட்டுப்படுத்தி வைப்பது அதன் கடமை. பம்புக்குள் இருக்கும் சிறு எஃகுத் தகடு ஒன்று, எந்த வேகத்தில் அதிகபட்சம் எவ்வளவு டீசல் என்பதைத் தன் விளிம்பின் வடிவத்தாலேயே வரையறுக்கிறது. அதை முன்னே தள்ளினாலோ ராவினாலோ டீசல் கூடும். முக்கால் மணி நேர வேலை. அதனால் வரும் சூட்டைத் தாங்குவதுதான் கடினம்.

அந்தச் சூட்டை அளக்க எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் தெர்மோகப்பிள் பொருத்துவார்கள். இரு வேறு உலோகக் கம்பிகளின் சந்திப்பு சூடானால் சிறு மின்னழுத்தம் பிறக்கும் என்று சீபெக் 1821இல் கண்டறிந்த விளைவுதான் இதன் அடிப்படை. டர்போவுக்கு முன்னால் பொருத்துவது முக்கியம். டர்பைன் வாயுவிடமிருந்து ஆற்றலை எடுத்துக்கொள்வதால், பின்னால் வைத்த மீட்டர் சுமையில் நூறு டிகிரிக்கு மேல் குறைத்துக் காட்டிவிடும். தொடர்ந்த சுமையில் 700 டிகிரி செல்சியஸைத் தாண்ட விடாதே என்பது அனுபவஸ்தர்களின் எல்லைக்கோடு. பிஸ்டன் அலுமினியக் கலவை. தூய அலுமினியம் 660 டிகிரியில் உருகும். கலவை அதற்கு முன்பே பலமிழக்கும். கீழிருந்து பீச்சும் எண்ணெய் பிஸ்டனைக் குளிர்விப்பதால்தான் அது பிழைத்திருக்கிறது.

கவர்னரும் டைமிங்கும்

பாறைப் பாதையில் ஓட்டுநர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு வண்டியைத் தானாக ஏறவிடுவார். 800 ஆர்பிஎம்மில், 54 மடங்கு குறைப்பில், வண்டி மணிக்கு இரண்டு கிலோமீட்டரை ஒட்டி நகரும். ஒரு சக்கரம் கல்லில் மோதியதும் இன்ஜின் வேகம் குறையப் பார்க்கும். அந்தக் கணமே கூடுதல் டீசல் கொடுத்து அதை நிமிர்த்துவது கவர்னர். சுழலும் எடைகள் வெளியே தள்ள, ஸ்பிரிங் உள்ளே இழுக்க, இரண்டும் சமமாகும் இடம்தான் இன்ஜினின் வேகம்.

எடைகளின் வெளித்தள்ளு விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 800 ஆர்பிஎம்மிலிருந்து 2,500க்குப் போனால் விசை ஏறக்குறைய பத்து மடங்காகும். ஒரே ஸ்பிரிங் இரு முனைக்கும் பொருந்தாது என்பதால் மென்மையான ஐடில் ஸ்பிரிங்கும் வலுவான மேல்வேக ஸ்பிரிங்கும் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன. மேல்வேக ஸ்பிரிங்கை மாற்றி 3,000 ஆர்பிஎம்வரை ஓட வைக்கும் உதிரிப்பாகம் கடையில் கிடைக்கிறது. மணலுக்கு அது உதவும். பாறைக்கு வேண்டியது சீரான ஐடிலிங் மட்டுமே. அது நடுங்கினால் மற்ற எந்த மேம்பாடும் பயனில்லை.

டைமிங் என்பது பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எத்தனை டிகிரி முன்பே டீசல் பீச்சத் தொடங்குகிறது என்பது. 1,600 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு டிகிரி திரும்ப நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் ஆகும். பீச்சிய டீசல் பற்றிக்கொள்ளவும் சிறிது தாமதம் உண்டு. அதனால் 14 டிகிரி முன்கூட்டி வைப்பது வெறும் ஒன்றரை மில்லி செகண்ட் அவகாசம். இன்னும் முன்னால் தள்ளினால் பிஸ்டனை நல்ல கோணத்தில் தள்ளலாம். எக்ஸாஸ்ட் சூடும் இறங்கும். மீட்டரில் இது வெற்றி மாதிரித் தெரியும். உள்ளேயோ சிலிண்டரின் உச்ச அழுத்தம் ஏறி ஹெட் கேஸ்கெட்டைப் பதம் பார்க்கும். குறைந்த வேகத்தில் பெருஞ்சுமை இழுக்கும் மலைப்பாதை இன்ஜினில் இந்தப் பேராசை கூடாது.

தூசி, சரிவு, தண்ணீர்

மணல் தூசியின் பெரும்பகுதி சிலிக்கா. இரும்பைக் கீறும் கடினம் உள்ளது. தாங்கு பரப்புகளுக்கு நடுவே இருக்கும் எண்ணெய்ப் படலத்தின் தடிமன் சில மைக்ரான்தான். அதே அளவுள்ள துகள் உள்ளே போனால் உப்புத்தாள் தேய்ப்பது போலத் தேய்க்கும். ஆகவே முதல் முதலீடு பெரிய காகித ஃபில்டரும், அதன் முன் தூசியைச் சுழற்றி வீசும் பிரிப்பானும், ஃபில்டர் எவ்வளவு அடைத்திருக்கிறது என்று காட்டும் மீட்டரும்.

சரிவு அடுத்தது. அமெரிக்க ராணுவம் தன் வண்டிகளிடம் எதிர்பார்க்கும் ஏற்றம் 60 சதவீதம், அதாவது 31 டிகிரி. பக்கச் சரிவு 40 சதவீதம். மேரிலாந்தின் அபர்டீன் சோதனைத் தளத்தில் இதற்கென்றே கட்டிய சரிவுகள் இருக்கின்றன. அந்தச் சாய்வில் சம்ப்பின் எண்ணெய் ஒரு மூலைக்கு ஓடிவிடும். உறிஞ்சும் குழாய் மறுமூலையில் இருந்தால் பம்ப் காற்றைக் குடிக்கும். சாய்வில் நிற்கும்போது ஆயில் பிரஷர் முள் ஆடுகிறதா என்று பார்ப்பதே இதற்கான சோதனை. ஆடினால் சம்ப்பில் தடுப்புத் தகடு வைக்க வேண்டும்.

தண்ணீர் இன்னும் கொடியது. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 980 மில்லி. அமுக்க விகிதம் ஏறக்குறைய 17. கணக்கிட்டால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மிஞ்சும் இடம் சுமார் 60 மில்லி. அதற்கு மேல் தண்ணீர் உள்ளே போனால், அமுங்காத அந்தத் தண்ணீரை அமுக்க முயன்று கனெக்டிங் ராடு வளையும். இந்தப் பழைய இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் இல்லை, கணினி இல்லை. ஓடுவதற்கு டீசலைத் திறந்து வைக்கும் ஒரு சாலினாய்டுக்கு மட்டும் மின்சாரம் போதும். ஆகவே காற்று உறிஞ்சும் வாய் தண்ணீருக்கு மேலே இருக்கும்வரை அது ஓடும். அந்த வாயை உயர்த்தி வைக்கும் ஸ்நார்க்கல் குழாயின் இணைப்புகள் காற்றுப் புகாதவை என்று சோதித்த பிறகே ஓடையில் இறக்க வேண்டும்.

சூடு பற்றியும் ஒரு வார்த்தை. டீசலின் ஆற்றலில் நல்ல நிலையிலேயே ஐந்தில் இரண்டு பங்குதான் கிராங்கில் வேலையாகிறது. மீதி சூடாக வெளியேற வேண்டும். சாலையில் எதிர்க்காற்று ரேடியேட்டருக்கு உதவும். நடை வேகத்தில் அது கிடையாது. இன்ஜினும் மெதுவாகச் சுற்றுவதால் விசிறியும் மெதுவாகவே சுற்றும். விசிறிக்குச் சரியான மறைப்புக் கூடும், நன்றாகப் பிடிக்கும் ஃபேன் கிளட்சும் இல்லாமல் டீசலைக் கூட்டுவது வீண்.

மேடையிலும் மண்ணிலும்

இன்ஜின் சக்தியை அளக்க பிரெஞ்சுக்காரர் புரோனி 1821இல் உராய்வு பிரேக்கைக் கொண்டுவந்தார். ஆங்கிலேயர் வில்லியம் ஃபுரூட் 1877இல் தண்ணீரின் தடையால் அளக்கும் டைனமோமீட்டரை உருவாக்கினார். இன்றைய டைனோ மேடைகள் அவற்றின் வழித்தோன்றல்கள். அங்கே பத்து விநாடி முழு ஆக்சிலேட்டர் கொடுத்து ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு வருவது வழக்கம். மலைப்பாதை இன்ஜினுக்கு அந்த எண் அதிகம் பேசாது. பத்து விநாடிக்குள் பிஸ்டனும் கூலன்டும் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. 1,600 ஆர்பிஎம்மில் சுமையை மாறாமல் பிடித்து, பல நிமிடங்கள் ஓட்டி, எக்ஸாஸ்ட் சூடும் கூலன்ட் சூடும் ஏறி ஓரிடத்தில் நிலைக்கின்றனவா என்று பார்ப்பதே பயனுள்ள சோதனை. நிலைத்தால் அந்த டியூனிங் நிற்கும். ஏறிக்கொண்டே போனால் டீசலைக் குறைக்க வேண்டும்.

அதன் பிறகு மண்ணில் இறக்கலாம். ஒரு முறைக்கு ஒரே ஒரு மாற்றம், அதே ஏற்றம், அதே கியர், அதே டயர் காற்று. இரண்டு திருகுகளை ஒன்றாகத் திருப்பினால் எது என்ன செய்தது என்று யாருக்கும் தெரியாது. சோதனை ஓட்டங்கள் முடிந்ததும் மீண்டும் எண்ணெய் மாதிரி எடுத்துப் பழைய முடிவோடு ஒப்பிட வேண்டும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் முகமை 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அதற்கு முந்தைய பத்தாண்டில் 5,50,000க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களில் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் அகற்றப்பட்டிருந்தன. அது அங்கே குற்றம். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. பதிவு எண்ணோடு பொதுச் சாலையில் ஓடும் வண்டியில் கை வைப்பதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

பழைய லாரி இன்ஜினைக் கட்டியவர்கள் அதற்குள் நிறைய மிச்சம் வைத்துத்தான் கட்டினார்கள். அந்த மிச்சம் நாளெல்லாம் சுமை இழுப்பதற்காக வைத்தது; புகையாக ஊதித் தள்ளுவதற்காக இல்லை. கையில் இருக்கும் பணத்தில் முதலில் தெர்மோகப்பிள், ஆயில் பிரஷர் மீட்டர், டர்போ அழுத்தம் காட்டும் பூஸ்ட் மீட்டர் ஆகிய மூன்றையும் வாங்குங்கள். அடுத்து ஏர் ஃபில்டர், கூலிங், சம்ப் ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். அதற்கும் மேல் பணம் மிஞ்சினால் மட்டும் பம்பைத் தொடுங்கள்.